யாரும் ஆர்டர் கொடுக்காத படங்கள்

அப்பாவின் யாஷிகா மேட் கேமராவில் ஒரு 120 ரோல் போட்டால் 12 படம் வரும். சதுரப் படம், ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர். கும்பகோணத்தில் எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் அவசரக்காரர்கள். வேலைக்கு விண்ணப்பம் போட, பாஸ்போர்ட் எடுக்க, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப என்று எல்லோருக்கும் படம் நாளைக்கே வேண்டும். ரோலில் ஒன்றிரண்டு ஃப்ரேம் மிச்சம் இருக்கும், ஆனால் கழுவியாக வேண்டும். அப்போது அப்பா கேமராவோடு வாசலுக்குப் போவார். எதையாவது எடுத்து ரோலை முடித்துவிட்டு டார்க்ரூமுக்குள் நுழைந்துவிடுவார். அந்தக் கடைசிப் படங்களை அவர் ப்ரிண்ட் போட்டதே இல்லை. யாரும் கேட்கவில்லை, அன்றைக்குப் பேப்பர் விற்ற விலையில் கேட்காத படத்துக்குப் போடவும் முடியாது.

அவர் போன பிறகு நெகட்டிவ் பெட்டிகளை ஒழுங்குபண்ண உட்கார்ந்தேன். லைட் பாக்ஸில் ஒவ்வொரு நீளமாக வைத்துப் பார்த்தால் முகம், முகம், முகம். கண்ணுக்குக் கீழே, மோவாயில், அப்பா பென்சிலால் ரீடச் செய்த தடங்கள் தெரிந்தன. ஒவ்வொரு ரோலின் கடைசியிலும் எதிர்ப்பக்கப் பாத்திரக்கடையின் திண்ணை இருந்தது. முதலில் எனக்கு அது உறைக்கவில்லை. பெட்டி பெட்டியாகப் பார்த்த பிறகுதான் புரிந்தது. வருஷக்கணக்கில் அவர் வாசலில் நின்று ஒரே திண்ணையை எடுத்திருக்கிறார். ஒரு படத்தில் குடம் வாங்க வந்த அம்மா உட்கார்ந்து காசு எண்ணுகிறார். இன்னொன்றில் ஒரு பையன் புதுச் சருவச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நிற்கிறான். பல படங்களில் ஆளே இல்லை. எங்கள் கட்டிடத்தின் நிழல் தெருவைத் தாண்டிப் போய்த் திண்ணையின் விளிம்பைத் தொடுகிற நேரமாகப் பார்த்து எடுத்திருக்கிறார். அது சாயங்காலத்துக்குச் சற்று முன்னால் வரும் நேரம். ரோல் காலையிலேயே முடிகிற நிலைக்கு வந்திருந்தாலும் அவர் அந்த நேரத்துக்காகக் காத்திருந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். தற்செயலாக நிழல் அத்தனை தடவை ஒரே இடத்தில் விழாது.

அப்பா தன்னைக் கலைஞர் என்று ஒரு நாளும் சொல்லிக்கொண்டவர் இல்லை. ‘பார்வை’ என்றெல்லாம் பேசியதும் இல்லை. பேச்சு முழுக்க லைட்டிங், பேக்ட்ராப், டி-76, ஹைப்போ என்று ஃபிலிம் கழுவும் மருந்துகள், பாக்கி வைத்தவர்கள். ஆனால் இந்தத் திண்ணைப் படங்களைப் பார்க்கும் எவருக்கும் இவை ஒரே ஆளின் படங்கள் என்று சொல்லத் தெரியும். ஒரு புகைப்படக்காரருக்குப் பார்வை எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால் நான் இந்தப் பெட்டியைத்தான் காட்டுவேன். யாரும் ஆர்டர் கொடுக்காதபோது உங்கள் கை எதை எடுக்கிறதோ, அங்கே அது ஏற்கெனவே இருக்கிறது. நாம் செய்ய வேண்டியது அதைக் கண்டுபிடித்து, விடாமல் அதன் பின்னால் போவது.

அப்பாவின் பெட்டியைப் பார்த்த கையோடு என்னுடைய ஹார்ட் டிஸ்க்குகளைத் திறந்தேன். நான் கல்யாணப் படம் எடுப்பவள். ஒரு கல்யாணத்தில் ஆயிரக்கணக்கில் எடுப்போம், ஆல்பத்துக்குப் போவது சில நூறு. மீதி அப்படியே டிஸ்க்கில் தூங்கும். தாலி கட்டும் படத்தை நான் எப்படி எடுக்கிறேன் என்று பார்த்து என்னைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. அந்த இடத்தில் நிற்கும் யாரும் ஏறக்குறைய அதே படத்தைத்தான் எடுப்பார்கள், எடுக்கவும் வேண்டும், அதற்குத்தான் சம்பளம். ஆல்பத்துக்குப் போகாத படங்களைப் பார்த்தேன். அவற்றில் எதற்கு நான் கேமராவைத் தூக்கினேன் என்று எனக்கே காரணம் தெரியாதவற்றை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். லேபில் மேக்சி சைஸில் ப்ரிண்ட் போட்டு வீட்டுக் கூடத்துத் தரையில் பரப்பினேன்.

ப்ரிண்ட் போடுவது முக்கியம். திரையில் பார்க்கும்போது ஒவ்வொரு படமும் தனியாக வந்து நம்மிடம் பேசிவிட்டுப் போகும். தரையில் பரப்பினால் அவை ஒன்றோடொன்று பேச ஆரம்பிக்கும். குனிந்து நகர்த்தி, இதை அதன் பக்கத்தில் வைத்து, எழுந்து ஸ்டூல் மேல் நின்று பார்க்க வேண்டும்.

ஸ்டூல் மேல் நின்று பார்த்தபோது மண்டபத்துப் பின்கட்டுதான் தெரிந்தது. முகூர்த்தம் முடிந்து, கடைசிப் பந்தியும் எழுந்த பிறகு வருகிற அந்த மதிய நேரம். சமையல்காரர் அரிசி மூட்டைமேல் சாய்ந்து கண்ணை மூடியிருக்கிறார். தவில்காரர் விரல்களில் போட்டிருந்த கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வேட்டி மடிப்பில் வைக்கிறார். ஜெனரேட்டர் பையன் தூணில் சாய்ந்து போன் பார்க்கிறான். இலை எடுக்கிற அம்மாக்கள் ஒரே வாளித் தண்ணீரில் வரிசையாகக் கால் கழுவுகிறார்கள். பெண்ணுக்கு அலங்காரம் செய்த பெண், காலையில் மூன்று மணிக்கு வந்தவள், தன் ஒப்பனைப் பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறாள். வேலை முடிந்து, கூலி இன்னும் கைக்கு வராத இடைவெளியில் இருக்கும் மனிதர்கள். வருஷக்கணக்கில் நான் எடுத்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

இது தெரிந்த பிறகு எடுக்கிற விதமே மாறியது. பின்கட்டில் ஃப்ளாஷ் போடுவதை நிறுத்தினேன். ஜன்னல் வெளிச்சம் போதும், கேமராவின் ஒளியுணர்வை, அதாவது ஐஎஸ்ஓவை, 1600, 3200 என்று ஏற்றிக்கொள்ளலாம், கொஞ்சம் புள்ளி தெரிந்தால் தெரியட்டும். லென்ஸ் 50 எம்எம் ஒன்றே ஒன்று. ஜூம் லென்ஸ் கையில் இருந்தால் தூரத்தில் நின்று இழுத்துவிடத் தோன்றும். 50 போட்டால் பக்கத்தில் போக வேண்டும், போனால் பேச வேண்டும்.

பேசியதால்தான் எல்லாமே வேறாயிற்று. நாச்சியார்கோவில் பக்கம் ஒரு கல்யாணத்தில் நாதஸ்வரம் வாசித்த பெரியவர் சுவரோரமாக அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது, ஜிப்பா வியர்வையில் நனைந்திருந்தது. அடுத்த முகூர்த்தத்தில் அவரைப் பார்த்தபோது அந்தப் படத்தைக் காட்டினேன். நிறைய நேரம் பார்த்தார். “நல்லாத்தான் எடுத்துருக்கே பாப்பா. ஆனா எங்களுக்குத் தூங்குற படம் எதுக்கு? காலம்பற நாலு மணிக்கு எழுந்து வந்தவன் தூங்கத்தான் செய்வான். நான் உக்காந்துருக்கேன், எடு” என்றார். துண்டை உதறித் தோளில் போட்டார். உறைக்குள் இருந்த நாதஸ்வரத்தை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார். நரசிங்கம்பேட்டையில் செய்த வாத்தியம், அவருடைய அப்பா வாங்கியது, ஆச்சா மரம், என்று அதைப் பற்றி மட்டும் கொஞ்ச நேரம் சொன்னார். பிறகு பேச்சை நிறுத்தி லென்ஸைப் பார்த்தார். களைப்பு முகத்தில் அப்படியே இருந்தது, ஆனால் அதை எப்படிச் சுமப்பது என்பதை இப்போது அவர் தீர்மானிக்கிறார். தூங்குகிற படத்தைவிட இது எத்தனையோ மடங்கு நல்ல படம். அதற்குப் பிறகு நான் ஒளிந்து எடுப்பதில்லை. கேட்கிறேன், உட்காருகிறேன், அவர்கள் எப்படி இருக்க நினைக்கிறார்களோ அப்படி எடுக்கிறேன், அடுத்த முகூர்த்தத்தில் ப்ரிண்ட்டைக் கையில் கொடுக்கிறேன். என் பார்வையில் பாதி அந்தப் பெரியவர் கொடுத்தது.

சோற்றுக்கு எடுக்கும் படமும் தனக்காக எடுக்கும் படமும் வேறு வேறு என்று நொந்துகொள்ளும் நண்பர்களிடம் நான் எப்போதும் சொல்வது யூஜின் அட்ஜேயைப் பற்றி. பாரிஸில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொழில் தொடங்கியவர். நாடக நடிகராக இருந்து அது சரிவராமல் கேமராவுக்கு வந்தார். தன் படங்களை ஓவியர்களுக்கான ஆவணங்கள் என்று சொல்லித்தான் விற்றார். பழைய கதவுகள், படிக்கட்டுகள், கடை முகப்புகள், தெருவில் கூவி விற்பவர்கள் என்று ஓவியருக்கும் நாடக அரங்கம் அமைப்பவருக்கும் நூலகத்துக்கும் எது வேண்டுமோ அதை 18க்கு 24 சென்டிமீட்டர் கண்ணாடித் தகடுகளில் எடுத்தார். மரக் கேமரா, முக்காலி, தகடுகள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பிவிடுவார். 1920இல் 2,600க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை 10,000 ஃப்ராங்குக்குப் பிரெஞ்சு அரசிடம் விற்றார். கையில் காசு வந்ததும் அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. கேமராவை மாற்றவில்லை, ஊரை மாற்றவில்லை. சேன்-க்ளூ, ஸோ என்று பாரிஸை ஒட்டியிருக்கும் பழைய பூங்காக்களுக்குத் திரும்பத் திரும்பப் போனார். 1925இல், 68 வயதில், பாழடைந்து கிடந்த ஸோ பூங்காவில் அவர் எடுத்த மரங்களையும் குளங்களையும் சிலைகளையும் பார்த்தால், முப்பது வருஷம் கதவுகளையும் படிக்கட்டுகளையும் ஆர்டருக்காக எடுத்த கண்தான் இதையும் பார்க்கிறது என்று தெரியும். எங்கே நிற்பது, எந்த நேரத்தில் நிற்பது, எதைச் சட்டத்துக்கு வெளியே விடுவது எல்லாம் அந்தக் கூலி வேலையில் கற்றது. 1927இல் அவர் இறந்த பிறகு பெரனிஸ் அபட் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் மிச்சமிருந்ததை வாங்கி நியூயார்க்குக்குக் கொண்டுபோய்ப் பல ஆண்டுகள் காப்பாற்றினார். அவர் இல்லையென்றால் நமக்கு இந்த அட்ஜே கிடைத்திருக்க மாட்டார்.

நியூயார்க்கில் சால் லைட்டரும் அப்படித்தான். வேலைக்கு ஃபேஷன் படம், தனக்குக் கிழக்கு 10ஆம் தெருவில் தன் வீட்டைச் சுற்றியிருந்த சில தெருக்கள். ஆவி படிந்த கண்ணாடி, குடை, பனி. 1940களின் கடைசியிலிருந்து எடுத்த கலர்ப் படங்கள் பெரும்பாலும் பெட்டியிலேயே இருந்தன. அவை புத்தகமாக வந்தது 2006இல், அப்போது அவருக்கு 82 வயது. இதைப் பொறுமைக்கு உதாரணமாக நான் சொல்லவில்லை. அத்தனை காலம் அதிகம் பேர் பார்க்காமல் இருந்ததால்தான் அந்தப் படங்கள் யாருக்கும் பிடித்தமாதிரி வளைந்துகொடுக்கவில்லை என்று நினைக்கிறேன். இன்றைக்கு எடுத்த படத்தை இன்று மாலைக்குள் இன்ஸ்டாகிராமில் போட்டால், எந்தப் படத்துக்கு லைக் வந்ததோ அந்தப் பக்கம் கை தானாகப் போகும். பின்கட்டுப் படங்களை நான் வெளியே காட்ட ஆரம்பித்ததே சமீபத்தில்தான். அதுவரை பார்த்தவர்கள் படத்தில் இருந்தவர்கள் மட்டும்.

நேரத்துக்கு எங்கே போவது? கல்யாண சீசனில் சொந்த வேலைக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. வைகாசி, ஆவணி, தை என்றால் ஒரே நாளில் இரண்டு மண்டபம்கூட இருக்கும். ஆனால் நம் ஊர்ப் பஞ்சாங்கம் எங்கள் தொழிலுக்கு ஒரு பெரிய உபகாரம் செய்து வைத்திருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, புரட்டாசியிலும் பல வீடுகளில் வைப்பதில்லை. வருமானம் இல்லாத மாதங்கள் என்று அப்பா இவற்றைக் கண்டு பயந்தார். பாக்கி வசூலிக்கக் கிளம்புவார், ஸ்டுடியோவுக்கு வெள்ளை அடிப்பார். நான் தை, மாசியில் வருவதில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்து மார்கழியை வாங்கிக்கொள்கிறேன். ஆவணியில் வருவது அடுத்த ஆடிக்கு. அந்த மாதங்களில் புது ஆர்டருக்குப் பேசப் போவதில்லை. பழைய படங்களைப் பரப்புவது, ப்ரிண்ட் போடுவது, படத்தில் இருப்பவர்கள் வீட்டுக்குப் போய் அவர்களைப் பார்ப்பது. படைப்பு வாழ்க்கை என்று ஒன்று இருந்தால் அதற்கு முதலில் வேண்டியது கணக்கு நோட்டு. இதை யாரும் பயிற்சி முகாமில் சொல்லித் தருவதில்லை, எனக்கு இது கோபமான விஷயம். லென்ஸ் பற்றி மூன்று மணி நேரம் பேசுகிறார்கள், வீட்டு வாடகை கட்டிக்கொண்டு பத்து வருஷம் ஒரே விஷயத்தை எப்படி எடுப்பது என்று பேசுவதில்லை.

எதை எடுக்க மாட்டேன் என்பதும் பார்வைதான். இதில் எனக்கு வாத்தியார் மா. கிருஷ்ணன். தமிழின் முன்னோடி நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912இல் திருநெல்வேலியில் பிறந்து சென்னையில் வாழ்ந்தவர். காட்டு விலங்குகளைப் படமெடுத்தார், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். 1950இலிருந்து 1996இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் ஒரே பத்தியை எழுதிக்கொண்டிருந்தார். கலர் ஃபிலிம் வந்து எல்லோரும் மாறிய பிறகும் கறுப்பு வெள்ளையை விடவில்லை. கேமராவைக்கூட ஒன்றின் உடலையும் வேறொன்றின் லென்ஸையும் சேர்த்துத் தானே கட்டிக்கொண்டு அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்தார். வெளிநாட்டிலிருந்து வந்த அலங்கார மரங்கள் அவருக்கு ஆகாது, இந்த மண்ணின் மரமும் மிருகமும்தான். அவருடைய பிடிவாதங்களில் எனக்கு உடன்பாடில்லாதவை உண்டு. ஆனால் தனக்கு எது வேண்டாம் என்று அவ்வளவு தெளிவாகத் தெரிந்த ஒருவரின் படத்தைப் பார்க்கும்போது வரும் நிம்மதியே தனி.

அவரைப் பின்பற்றி நானும் கறுப்பு வெள்ளைக்குப் போகப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. பின்கட்டு கறுப்பு வெள்ளையில் சோகமாகிவிடுகிறது. பார்ப்பவர் உடனே ‘பாவம்’ என்பார். கலரில் அந்த நீல பிளாஸ்டிக் டிரம், மஞ்சள் வாளி, இலை எடுக்கும் அம்மாவின் ரோஸ் கலர் ஜாக்கெட், சுவரில் ஒட்டிய சந்தனக் கை எல்லாம் இருக்கும். அது அவர்களுடைய மதியம், அதில் சிரிப்பும் வம்பும் இருக்கிறது. அதனால் கலர். என்னுடைய ‘மாட்டேன்’ பட்டியலில் இருப்பது ஃப்ளாஷும் ‘பாவ’மும்.

இப்போது பெரிய வேலை வரிசை. எந்தப் படத்துக்கு அடுத்து எந்தப் படம் என்பது. புகைப்படக்காரர் தயாநிதா சிங் தன் பழைய படங்களையே திரும்பத் திரும்ப எடுத்து, மடித்து விரிக்கும் மரச் சட்டகங்களில் மாற்றி மாற்றி அடுக்கி அவற்றுக்கு அருங்காட்சியகம் என்று பெயர் வைக்கிறார். ஒரே படம் ஓர் அடுக்கில் ஒரு அர்த்தம், இன்னொன்றில் வேறு அர்த்தம். அதைப் பார்த்த தைரியத்தில் நானும் தச்சரிடம் சொல்லி நீளமான சரப்பலகைகள் சில செய்து சுவரில் அடித்திருக்கிறேன். ப்ரிண்ட்டுகளை அதில் நிறுத்தி வைத்துவிட்டு வீட்டு வேலையைப் பார்ப்பேன். போகும்போதும் வரும்போதும் கண்ணில் பட வேண்டும். ஒரு வாரம் பார்த்தும் கை மாற்ற நினைக்காத வரிசை தங்கிவிடுகிறது. தவில்காரரின் விரல் கூடுகளுக்குப் பக்கத்தில் கல்யாணப் பெண் கழற்றி வைத்த வளையல்களை ஒரு மாதம் வைத்திருந்தேன். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்கு அது ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகப் பட்டது, எடுத்துவிட்டேன். இப்போது அந்த இடத்தில் கூலிக் கவர்களை அடுக்கி வைத்திருக்கும் மேஜை இருக்கிறது.

என்னிடம் வேலை கற்க வரும் பிள்ளைகள் ஸ்டைல் எப்படி வரும் என்று கேட்கிறார்கள். நான் பெரும்பாலும் அவர்களுடைய போனை வாங்கி, கேலரியைக் கடைசிவரை தள்ளிப் பார்ப்பேன். ஒரு பெண்ணின் போனில் செல்ஃபிகளுக்கும் ரசீதுகளுக்கும் நடுவே பஸ் ஜன்னல் கம்பிகள் வந்துகொண்டே இருந்தன. மழையில், வெயிலில், இரவு விளக்கில். “இது என்னம்மா?” என்றேன். “சும்மா, காலேஜ் போறப்ப எடுத்தது அக்கா” என்றாள். அந்த சும்மாவைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். இப்போது அவள் தினமும் அதே பஸ்ஸில் அதே சீட்டுக்கு அடித்துப் பிடித்து ஏறுகிறாள்.

எனக்கும் புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறது. ஆள் இல்லாத மண்டபங்கள். கல்யாணமில்லாத மாதத்தில் அடுக்கிக் கிடக்கும் நாற்காலிகள், கவிழ்த்து வைத்த அண்டாக்கள், மணமேடையில் உலர்த்தப்பட்ட வாட்ச்மேனின் போர்வை. இவை பின்கட்டு வரிசையில் சேருமா, தனியாக நிற்குமா என்று இன்னும் பிடிபடவில்லை. அய்யாவாடிப் பக்கம் ஒரு பழைய மண்டபத்தின் மேனேஜர் சாவி தருவதாகச் சொல்லியிருக்கிறார். புதன்கிழமை காலை வெள்ளை அடிக்க ஆள் வருகிறார்களாம், அதற்கு முன்னால் போய்விட வேண்டும்.